களியக்காவிளை ஐட்டமும் டிவிக்குப் போன அண்ணனும்

வேம்பனூர்க்காரன்

போன வெள்ளிக்கிழமை இரணியல் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். எட்டு மணிக்கு இன்னிசைக் கச்சேரி. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் 'அடுத்ததாக' என்று அறிவிப்பதற்கு ஒருவர் மைக்கைப் பிடித்து நின்றார். நீலக் கோட்டு, முழங்கையில் சாயம் போயிருந்தது. ஆளைப் பார்த்ததும் எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்த உடனே தெரிந்துவிட்டது. நம்ம அண்ணன்!

பெயர் வேண்டாம், இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். 2008 வாக்கில் டிவி காமெடிப் போட்டியில் வாராவாரம் வந்தவர். அவர் வருகிற இரவு எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட வேறு சேனல் ஓடாது. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவரோடு போட்டோ எடுக்க ஆட்கள் முண்டியடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குக் கொடையில் பின்னாலிருந்து சில பையன்கள் 'களியக்காவிளை! களியக்காவிளை!' என்று கத்தினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பழைய மிமிக்ரி ஐட்டத்தை ஆரம்பித்தார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பையன்கள் அடுத்த வரியைச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று நிமிடம்கூட இருக்காது. 'சரி மக்களே, அடுத்த பாட்டு' என்று ஒதுங்கிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோவை குணா, வடிவேல் பாலாஜி, ரோபோ சங்கர் என்று வரிசையாக யோசனை ஓடியது. இவ்வளவு உயரம் போனவர்கள் ஏன் இப்படி விழுகிறார்கள்?

நாஞ்சில் நக்கல்

குடி. இதுக்குக் குழுமத்தில் ஒரு இழை வேறயா வோய்?

கட்டன்சாயா

ரோபோ சங்கரை அந்த வரிசையில் போடாதீர்கள். உடம்பில் உலோகச் சாயம் பூசி மேடை மேடையாக ரோபோ ஆட்டம் ஆடியவர், டிவிக்கு வந்து சினிமாவுக்கும் போனார். 2025 செப்டம்பரில் இறக்கும்வரை ஆள் வேலையில்தான் இருந்தார். மஞ்சள் காமாலை வந்ததைப் பற்றியும் ஒளிக்காமல் பேசினார். சாவு வேறு, வீழ்ச்சி வேறு.

கோவை குணாவின் கதையும் அதேதான். 'கலக்கப்போவது யாரு' முதல் சீசனில் ஜெயித்தவர். கவுண்டமணி குரலும் சிவாஜி நடையும் அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். சிறுநீரகம் கெட்டு, 2023 மார்ச்சில் போய்விட்டார். அதே நிகழ்ச்சியின் மூன்றாம் சீசனில் ஜெயித்த சிவகார்த்திகேயன் இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே வாசல்தான், உள்ளே போன பிறகு வழி வேறு வேறு.

குடித்தால் விழுவான் என்பது சரி. குடிக்காத எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்று எண்ணிப் பாரும் வோய்.

மைக்செட்டு

அண்ணனை எனக்கு 1998-லிருந்து தெரியும். களியக்காவிளை ஐட்டத்தை டிவியில் மட்டும் பார்த்தவர்கள் அதைப் பார்த்தவர்களே இல்லை. முதலில் அது என்ன என்று சொல்கிறேன்.

நாகர்கோவில் வடசேரியில் பஸ் புறப்படுகிறது, திருவனந்தபுரத்துக்கு. கண்டக்டருக்கு ஒரே கேள்விதான். 'சில்லறை இருக்கா?' தக்கலை வந்ததும் அதே கேள்வி கொஞ்சம் தளர்ந்து 'சில்லற இருக்கா?' மார்த்தாண்டத்தில் 'சில்லற உண்டா?' குழித்துறைப் பாலம் தாண்டும்போது பாதி வார்த்தை மூக்கில் போய்விடும். கேரள எல்லையான களியக்காவிளையில் 'சில்லற உண்டோ?' பாறசாலையில் 'சில்லறயில்லே சேட்டா?' நெய்யாற்றின்கரை வருவதற்குள் ஆள் முழு மலையாளி. சட்டை மாற்றவில்லை, தொப்பி மாற்றவில்லை. ஊர் மாற மாற நாக்கு மட்டும் மாறிக்கொண்டே போகும். எந்த இடத்தில் மாறியது என்று உங்களால் பிடிக்க முடியாது.

ஐட்டத்தின் உயிர் அது இல்லை. வடசேரியில் ஒரு பாட்டி மட்டி வாழைக் குலையோடு ஏறுவாள். ஊருக்கு ஊர் கண்டக்டர் மாறினாலும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்லுவாள். 'எறங்கும்போ தாறேன் மக்கா.' வடசேரியிலும் அதே, பாறசாலையிலும் அதே. கண்டக்டர் மலையாளத்தில் பொரிந்து தள்ளுவார். அவள் பழத்தை உரித்து அவருக்கே ஒன்று கொடுப்பாள். நாற்பது நிமிடம் ஓடும். இரவு ஒரு மணிக்குப் பாய் விரித்துக் கிடந்த ஜனம் எழுந்து உட்காரும்.

டிவியில் வந்தது ஐந்து நிமிடம். அதில் பாட்டி கிடையாது.

வேம்பனூர்க்காரன்

பாட்டி இருந்தாளா? நான் டிவியில் பார்த்தது கோயம்பேட்டிலிருந்து புறப்படுகிற பஸ், கண்டக்டர் தண்ணி போட்டிருப்பார். அதைத்தானே நாம் களியக்காவிளை ஐட்டம் என்று சொல்கிறோம்?

மைக்செட்டு

அதேதான். தேர்வுக்குப் போன இடத்தில் 'களியக்காவிளை சென்னையில் யாருக்குத் தெரியும், கோயம்பேடு என்று வையுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். எந்தச் சேனல் என்று கேட்காதீர்கள். கோயம்பேட்டிலிருந்து புறப்பட்டால் இப்படி ஊருக்கு ஊர் பாஷை மாறாது. அப்புறம் எதை வைத்துச் சிரிக்க வைப்பது? கண்டக்டருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். தள்ளாடினார், ஜனம் சிரித்தது, ஜெயித்தார்.

மறு வாரமே 'புதுசு என்ன வைத்திருக்கிறீர்கள்' என்றார்கள். பத்து வருஷம் பூதப்பாண்டியிலிருந்து கொல்லங்கோடு வரைக்கும் மேடையேற்றித் தேய்த்து உருவாக்கிய சரக்கு பதினொரு வாரத்தில் தீர்ந்தது. பன்னிரண்டாவது வாரம் அவரைச் சேலை கட்டச் சொன்னார்கள்.

நாஞ்சில் நக்கல்

சரி வோய், குடின்னு சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். வடிவேலு காமெடியை நூறு தடவை பார்த்திருக்கிறோம். அடுத்த வசனம் என்னவென்று நமக்கு மனப்பாடம், இருந்தும் சிரிக்கிறோம். அண்ணன் ஐட்டம் மட்டும் ஒரு தடவை டிவியில் வந்ததும் எப்படிச் செத்துப் போகும்?

வில்லடிச்சான்

நல்ல கேள்வி. எங்கள் வில்லுப்பாட்டுத் தொழிலிலும் இதே கதைதான். முத்துப்பட்டன் கதை தெரியாத ஒருத்தனும் கொடைக்கு வருவதில்லை. பட்டன் சாவான் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். விடிய விடிய உட்கார்ந்து அழுகிறார்களே, ஏன்? கதைக்காக யாரும் வருவதில்லை தம்பி, சொல்கிற நேரத்துக்காக வருகிறார்கள். புலவர் ஒரு வரியை இழுப்பார், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். அந்த 'ஆமா' எந்த இடத்தில் விழும் என்பது அன்றைக்குக் கூடிய கூட்டத்தைப் பொறுத்தது. நேற்று விழுந்த இடத்தில் இன்று விழாது.

டிவிக்காரன் கதையை வாங்கவில்லை, கடைசி வரியை மட்டும் பிடுங்கினான். கடைசி வரியைப் பிள்ளைகள் சொல்லிவிட்டால் மேடையில் இருப்பவனுக்கு என்ன மிச்சம்?

வடிவேலு விஷயம் வேறு. அது படச்சுருளில் இருக்கிறது, நீங்கள் நூறு தடவை பார்த்தாலும் அவர் மறுபடி நடிக்க வேண்டியதில்லை. மேடைக்காரன் நூறு தடவையும் உயிரோடு வந்து நிற்க வேண்டும்.

இன்னொன்று, முன்பு யாரோ இங்கே 'கலைவாணர் கதையும் ஜெயிலோடு முடிந்தது' என்று எழுதியிருந்தார்கள். அவர் பிறந்த ஒழுகினசேரிக்காரனாக அதைப் பொறுக்க முடியாது. 1944 டிசம்பரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பிடித்தார்கள். 45-ல் ஆயுள் தண்டனை. அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், மறு விசாரணையில் 1947 ஏப்ரலில் விடுதலை. அவரும் தியாகராஜ பாகவதரும் ஒரே வழக்கு, ஒரே சிறை, ஒரே விடுதலை. வெளியே வந்த பிறகு பாகவதர் படங்கள் எடுபடவில்லை. கலைவாணரோ நடித்தார், படம் இயக்கினார், சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் காந்தி கதையை வில்லுப்பாட்டாக எழுத வைத்துப் பாடினார். 1957 ஆகஸ்ட் 30-ல் போகும்போது வயது 48. கையில் காசில்லை என்பது உண்மை, அது கொடுத்தே தீர்ந்த காசு. அதை வீழ்ச்சி என்று எவனாவது என் முன்னால் சொல்லட்டும்.

பாகவதருக்குப் பாட்டு வேண்டும், அதற்கேற்ற புராணம் வேண்டும், அந்தக் காலத்து ரசிகன் வேண்டும். கலைவாணர் போகிற இடத்துக்கெல்லாம் தன் ஆட்களைக் கூடவே வைத்திருந்தார். மனைவி மதுரம் அம்மா இருந்தார், பாட்டுக்கு உடுமலை நாராயணகவி இருந்தார். முதலாளி படம் எடுப்பார், சிரிப்புப் பகுதியை இவர் தன் குழுவோடு தனியாகச் செய்து கொடுப்பார். பட்டறை அவருடையது.

மார்த்தாண்டம் சிஸ்டர்

வணக்கம் அண்ணாச்சி. எழுதாமல் படிக்கிற ஆள் நான். பட்டறை என்று நீங்கள் சொன்னதும் எழுதத் தோன்றியது.

இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் இல்லத்தில் தொண்ணூறை நெருங்கும் ஒரு தாத்தா, மதியம் மாத்திரை கொடுக்கப் போனால் பழைய கறுப்பு வெள்ளைக் காமெடி ஒன்றை ஓடவிட்டிருப்பார். நடிகர் பெயர் டோனி ஹான்காக். முதல் ஆறு மாதம் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. தாத்தா விளக்கி விளக்கி இப்போது நானும் ரசிகை.

1954-ல் பிபிசி வானொலியில் ஆரம்பித்து, 56-ல் டிவிக்கு வந்தவர். எதிலும் திருப்திப்படாத, தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டை வீட்டில் இருக்கிற ஒருத்தனின் வேஷம். எழுதியது கால்டன், சிம்ப்சன் என்ற இரண்டு பேர். கூட நடித்தவர் சிட் ஜேம்ஸ், இவர் பெருமையடிக்க அடிக்க ஊசியால் குத்திக் காற்றை இறக்குகிற ஆள்.

நாடே கொண்டாடும்போது ஹான்காக்குக்கு ஒரு யோசனை வந்தது. என்னை எல்லாரும் ஜோடியில் ஒருத்தனாகப் பார்க்கிறார்கள், நான் தனியாக நிற்க வேண்டும் என்று. முதலில் சிட் ஜேம்ஸை விலக்கினார். 1961-ல் ரத்ததானம் செய்யப் போகிற ஒருவனைப் பற்றி ஒரு பகுதி, இன்றைக்கும் அங்கே எல்லாருக்கும் அது மனப்பாடம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கார் விபத்து, வசனத்தை மனப்பாடம் செய்ய முடியவில்லை. எதிரே எழுதி வைத்ததைப் பார்த்துப் பேசி நடித்தார். தாத்தா அந்த இடத்தை நிறுத்திக் காட்டினார். கண் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்க்காது, எங்கேயோ தள்ளிப் பார்க்கும். ஒரு தடவை தெரிந்துவிட்டால் பிறகு அது மட்டும்தான் தெரிகிறது. அப்படிப் படிப்பது வசதியாக இருந்ததால் மனப்பாடம் செய்யும் பழக்கமே அதற்குப் பிறகு குறைந்துபோனது என்பார் தாத்தா.

அடுத்து அந்த இரண்டு எழுத்தாளர்களையும் விட்டார். அவர்கள் மறு வருஷமே வேறொரு தொடர் எழுதிப் பெரும் பெயர் எடுத்தார்கள். இவர் 1963-ல் வேறு சேனலுக்குப் போனார், எடுபடவில்லை. குடி ஏற்கெனவே இருந்தது, அப்புறம் குடி மட்டும் இருந்தது. 1968 ஜூனில் ஆஸ்திரேலியாவில், சிட்னியில், ஒரு தொடர் எடுத்துக்கொண்டிருந்தபோது தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 44.

மைக்செட்டு அண்ணன் 'அதில் பாட்டி கிடையாது' என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிட் ஜேம்ஸ்தான் ஞாபகம் வந்தார்.

கட்டன்சாயா

சிஸ்டர் சொன்னது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். விளவங்கோடு தாலுகாவில் வளர்ந்தவனுக்கு மிமிக்ரி என்றால் மலையாளம்தான். கொச்சியில் கலாபவன் என்ற கலைக்குழுக்காரர்கள் 1981-ல் ஆறு பேரை ஒரே மேடையில் நிறுத்தி ஆரம்பித்தது. தனித்தனியாகக் குரல் காட்டியவர்களைச் சேர்த்து ஒரு கூட்டு நிகழ்ச்சியாக ஆக்கினார்கள். அங்கிருந்து எத்தனை பேர் சினிமாவுக்குப் போனார்கள்! ஜெயராம் போனார், கலாபவன் மணி போனார், சித்திக்கும் லாலும் இயக்குநர்களானார்கள். இன்றைக்கும் அங்கே 'ட்ரூப்பு' என்றுதான் பேச்சு.

அதற்காக அங்கே எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. 2023 ஜூனில் மிமிக்ரிக்காரர் கொல்லம் சுதி வடகரையில் ஒரு நிகழ்ச்சி முடித்துத் திரும்பும்போது விடியற்காலையில் வண்டி மோதி இறந்துபோனார். இரவு மேடை, விடியற்காலைப் பயணம், மறுநாள் வேறு ஊர். மேடைக்காரன் எவனுக்கும் இது பொது. நம்ம ஊர் ஆட்களும் கொடை சீசனில் ஓம்னி வேனில் தூங்கிக்கொண்டே போகிறவர்கள்தானே.

நாஞ்சில் நக்கல்

அந்தப் பாட்டி வேஷம் போட்டது யாரு வோய்? அதை யாரும் சொல்லவில்லையே.

மைக்செட்டு

நான்தான்.

நாஞ்சில் நக்கல்

அடப்பாவி!

மைக்செட்டு

மூன்று பேர் நாங்கள். அவர் கண்டக்டர், நான் பாட்டி, இன்னொருவன் பின்னால் நின்று வாயாலேயே பஸ் ஓட்டுவான். பிரேக், கியர், கதவு, டபுள் விசில், எல்லாம் அவன் வாய்தான். அவன் இப்போது சவூதியில். தேர்வுக்கு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். 'நீ போ, யாராவது ஒருத்தர் போனால் போதும்' என்று வடசேரியில் ஏற்றி அனுப்பியது நாங்கள் இரண்டு பேரும்தான். அதனால் எங்களை விட்டுவிட்டுப் போனார் என்று யாரும் எழுத வேண்டாம்.

எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்றுதான். ஜெயித்த அன்றைக்கு 'யார் எழுதியது' என்று கேட்டார்கள். 'நானே எழுதியது' என்றார். நான் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூத்தவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் ஆறு வருஷம் பேசவில்லை.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். முன்பு மூன்று பேருக்கும் சேர்த்து 8,000 ரூபாய். டிவிக்குப் பிறகு அவருக்கு மட்டும் 40,000 கேட்கச் சொல்லி ஒரு ஏஜெண்ட் ஒட்டிக்கொண்டான். நம்ம ஊர்க் கமிட்டி வீடு வீடாக வரி பிரித்துக் கொடை நடத்துகிறது, நாற்பதுக்கு எங்கே போகும்? ஒரு வருஷம் கொடுத்தார்கள். மறு வருஷம் டிவியில் புது ஆள் வந்துவிட்டான்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒலிபெருக்கி விதி 2000-லேயே வந்ததுதான், இரவு 10 முதல் காலை 6 வரை மைக் கூடாது. அந்தக் காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது பத்தடித்தால் போலீஸ் வந்து நிற்கிறது. எங்கள் நிகழ்ச்சி ஆரம்பிப்பதே பூசை முடிந்து பதினொரு மணிக்குத்தான். அந்த நேரமே இப்போது கிடையாது. ஆறு மணியிலிருந்து பத்துக்குள் பரிசளிப்பு, பிள்ளைகள் டான்ஸ், தலைவர் பேச்சு, கச்சேரி என்று எல்லாவற்றையும் திணிக்கிறார்கள். மிமிக்ரிக்கு மிஞ்சுவது பாட்டுக்கு நடுவில் மூன்று நிமிடம். டிவியிலிருந்து தோற்றுத் திரும்பி வந்தவருக்கு நிற்க மேடையே இல்லை. இதில் டிவியை மட்டும் குறை சொல்லி என்ன?

மட்டுறுத்துநர்

அண்ணன் பெயரையும் ஊரையும் போட்ட இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். கொடையில் செல்போனில் எடுத்த வீடியோவை இங்கே போட வேண்டாம். சிரிப்பதற்கு அனுப்பினாலும் சரி, பரிதாபப்பட்டு அனுப்பினாலும் சரி.

வில்லடிச்சான்

அப்படிச் சொல்லும். வடிவேல் பாலாஜி 2020 செப்டம்பரில் இறந்தபோது பார்த்தேனே. ஆள் படுத்த படுக்கையாக இருந்தபோது விசாரிக்காதவன் எல்லாம் செத்த பிறகு மெழுகுவத்திப் படம் போட்டான்.

புது ஐடி

இந்த இழையை ஒருவர் எனக்கு அனுப்பினார். நீங்கள் பேசுகிற அண்ணன் என் தாய்மாமா. குடித்தது உண்மை. மூன்று வருஷமாக இல்லை. பகலில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார், வாடகைப் பாத்திரம் போகிற இடத்தில் கச்சேரி இருந்தால் மைக் பிடிக்கிறார். 'விழுகிறார்கள்' என்று முதல் பதிவிலேயே எழுதியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். இங்கிலாந்துக்காரர் கதையை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார். 'எதிரே எழுதி வைத்ததையா பார்த்தான்? அது ஆகாதே' என்றார். மைக்செட்டு மாமா எழுதியதை வாசித்தபோது ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அப்புறம் கேட்டது இவ்வளவுதான்: 'வடசேரிக்கு அடுத்து நேரா தக்கலைன்னா எழுதியிருக்கான்? வில்லுக்குறியை விட்டுட்டானா?'

வேம்பனூர்க்காரன்

தம்பி, மன்னிக்கணும். 'ஏன் இப்படி விழுகிறார்கள்' என்று கேட்டவன் நான். அந்த வார்த்தையைத் திருத்த முடியுமா என்று மட்டுறுத்துநரிடம் கேட்டிருக்கிறேன்.

வில்லுக்குறியில் என்ன மாறும்?

புது ஐடி

கேட்டேன். ஒன்றும் மாறாதாம். கண்டக்டர் பாட்டி கிட்ட வருவார், கேள்வியைக் கேட்க வாயைத் திறப்பார், கேட்காமல் தாண்டிப் போய்விடுவார். பாட்டி மட்டும் தலையை நிமிர்த்திப் பார்ப்பாளாம். ஜனம் சிரிக்க ஆரம்பிக்கிற இடமே அதுதானாம். 'அதை அவன் மறந்திருக்க மாட்டான், வேணும்னே விட்டிருக்கான்' என்கிறார்.

மைக்செட்டு

மறக்கவில்லை. எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை திங்கள்நகர் பக்கம் ஒரு கொடைக்கு மைக் செட்டு என்னுடையது. கமிட்டித் தலைவரிடம் பேசிவிட்டேன், கச்சேரியில் இரண்டு பாட்டைக் குறைத்தால் இருபது நிமிடம் தருகிறேன் என்கிறார். 9.20-க்கு ஏறினால் 9.40-க்கு இறங்க வேண்டும். நோட்டீஸ் அடித்து முடித்துவிட்டார்கள், பெயர் வராது. மாமாவிடம் கேட்டுச் சொல்லு மக்கா. பஸ் ஓட்டுகிறவன் இல்லை, அதற்கு என்ன செய்வது என்றும் கேள்.

புது ஐடி

பஸ்ஸை நானே ஓட்டுவேனாம். இப்போதே கியர் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பாட்டி சேலை இருக்கிறதா என்று கேட்கிறார்.

மைக்செட்டு

இருக்கு. முந்தியை எலி கடிச்சிருக்கு, பரவாயில்லை. மட்டிக் குலை அவரையே வாங்கிட்டு வரச் சொல்லு, பழுத்ததா.

நாஞ்சில் நக்கல்

சேர் போடுவாங்களா வோய், இல்ல பாய் கொண்டு வரணுமா?

மைக்செட்டு

பாய் கொண்டு வாரும்.